பாலக்காட்டுக் கார்டு கடையும் என்ற 14 எனர்ஜியும்

பாலக்காட்டுல போக்கிமான் கார்டு விக்கற கடை ஒண்ணப் பத்தின ரிவ்யூ இது. மொதல்லயே மார்க்கு சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. பாக்கெட் வாங்கி உடைக்கத்தான் போறீங்கன்னா அஞ்சுக்கு ரெண்டு, டெக்க (நாம கட்டுன கார்டுக் கட்ட) தூக்கீட்டுப் போயி உக்காந்து வெளையாடறதுக்குன்னா அஞ்சுக்கு அஞ்சு, ரெண்டையும் கூட்டி வகுத்தா மூணரை, மீதி அரை மார்க்கு கடைக்குக் கீழ பெட்டிக்கடைல கெடைக்கற பழம்பொரிக்கு.

கடை பேரு போடலீங்க. கொறையும் எழுதப் போறேன், அப்பறம் அடுத்த வாரம் அங்கயேதான் போயி நிக்கோணும். பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டுல எறங்கி நடக்கற தூரந்தான், மொபைல் சர்வீஸ் கடைக்கு மேல மாடி, ரோட்டுல இருந்து போர்டே தெரியாது, படிக்கட்டு சொவத்துல பாதி கிழிஞ்ச பிக்காச்சு ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும் அதான் அடையாளம். நான் மொத தடவ போனப்ப ரெண்டு ரவுண்டு சுத்தி கடைசீல கீழ மொபைல் கடைக்காரர்கிட்ட கேட்டேன், அவரு ‘முகளில்’னு கைய மட்டும் தூக்குனாரு, பாவம் ஒரு நாளைக்கு எத்தன பேருக்குச் சொல்லுவாரோ.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், ஒரு நார் மில்லுல கணக்கு எழுதறேன். வீட்டுல தமிழு, பஞ்சாயத்து ஆபீசுல மலையாளம், கார்டுல இங்கிலீசு. சின்ன வயசுல சிப்ஸ் பாக்கெட் டாசோவும் மல்யுத்தக்காரனுக டிரம்ப் கார்டுந்தான் நமக்கு, ரேங்கு சொல்லு வெயிட்டு சொல்லுன்னு கத்தீட்டு வெளையாடுவோம். போக்கிமான் கார்டு கேம்ல அந்த மாதிரி பெரிய நம்பர் வெச்சவன் ஜெயிக்கற கதையெல்லாம் இல்ல. தெரியாதவங்களுக்கு சுருக்கமா, டெக்குல சரியா 60 கார்டு, ஒரே பேருல நாலுக்கு மேல கூடாது (போக்கிமான் அடிக்கறதுக்கு அது மேல மாட்டற சாதா எனர்ஜி கார்டுக்கு மட்டும் கணக்கில்ல), ஆரம்பத்துல ஆறு கார்டு பிரைசுன்னு தனியா கவுத்து வெச்சுருவாங்க, எதிராளி போக்கிமான ஒண்ணு சாச்சா ஒரு பிரைஸ் எடுக்கலாம், ஈஎக்ஸ்னு பேருல வர்ற பலமான போக்கிமான சாச்சா ரெண்டு, ஆறையும் மொத எடுத்தவன் ஜெயிச்சான். இதுல 60-ல எது உள்ள எது வெளியங்கறதுதான் பாதி ஆட்டமே. அத நேராக்கறதுக்குத்தான் இந்தக் கடைக்குப் போனேன், அதப் பத்திதான் இந்த ரிவ்யூ.

நான் கட்டுனது டிராகபல்ட் ஈஎக்ஸ். 2024-ல வந்த ட்வைலைட் மாஸ்கரேட் செட்டு கார்டு, 320 ஹெச்பி (அதாவது உசுரு), வீக்னஸே கெடையாது. ஃபாண்டம் டைவ்னு ஒரு அடி, ஒரு நெருப்பு எனர்ஜி ஒரு சைக்கிக் எனர்ஜி போதும், முன்னாடி நிக்கறவனுக்கு 200, அதுபோக பின்னாடி பெஞ்சுல இருக்கறவங்க மேல ஆறு டேமேஜ் கவுண்டர நம்ம இஷ்டத்துக்குப் பிரிச்சு வெக்கலாம், அதாவது இன்னொரு 60. இதப் படிச்சதும் எனக்குத் தலகால் புரியல, மூணு டிராகபல்ட் வாங்கிப்போட்டேன், மிச்சத்த நானா நெரப்புனேன். அங்கதான் கெரகம் புடிச்சுது.

அந்த மொத லிஸ்ட்ட இப்ப நெனச்சா கூச்சமா இருக்குதுங்க. எனர்ஜி 14, ரெண்டு கலர் வேணுமே கெடைக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். பொஷன் மூணு, 30 ஹெச்பி ஆத்தும், அடி வாங்குனா மருந்து போடோணும்லங்கற புத்தி. ரேர் கேண்டி நாலு. டிரீப்பி நாலு. நடுவுல வளர்ற டிராக்லோக் ரெண்டே ரெண்டு, ஏன்னா ரேர் கேண்டி வெச்சா டிரீப்பில இருந்து நேரா டிராகபல்ட்டுக்குத் தாண்டிரலாம்ல, அப்பறம் நடுவுல இருக்கறவன் எதுக்குன்னு கணக்குப் போட்டேன். இதுல உச்சம் என்னன்னா அன்ஃபேர் ஸ்டாம்பும் ஸ்பார்க்லிங் கிரிஸ்டலும் ரெண்டையும் உள்ள வெச்சிருந்தேன். ரெண்டுமே ஏஸ் ஸ்பெக், ஒரு டெக்குக்கு ஏஸ் ஸ்பெக் ஒண்ணே ஒண்ணுதான் வெக்கலாம், ரெண்டு வெச்சா டெக்கே செல்லாது. ரெண்டும் பளபளன்னு ரோஸ் கலர்ல இருந்துச்சு அழகா இருக்குதேன்னு வெச்சேன், வேற காரணம் ஒண்ணுமில்ல.

கடை வெச்சிருக்கற சேட்டன் என்ற டெக்க வாங்கி மேசை மேல விரிச்சாரு. விரிக்கறதே ஒரு அழகு, சீட்டாட்டக்காரன் மாதிரி ஒரு கையால தள்ளி, ஒரே பேரு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி படி மாதிரி நிக்கும். அப்பிடியே ஒரு நிமிசம் பாத்தாரு. ஏஸ் ஸ்பெக் ரெண்டையும் ரெண்டு வெரல்ல தூக்கி ‘எந்தா மோனே இது’ன்னாரு. சுத்தி நின்ன பசங்க சிரிச்சானுக. பொஷன் மூணையும் எடுத்து என்ற கைலயே குடுத்தாரு, ‘இது ஆசுபத்திரியல்லா’. எனர்ஜிய எண்ணிப் பாத்துட்டு மட்டும் ஒண்ணும் சொல்லல, ஒரு நோட்டுப்பேப்பர கிழிச்சுக் குடுத்து, ‘இப்ப ஒண்ணும் மாத்தண்டா, இப்பிடியே 20 ஆட்டம் ஆடு, ஒவ்வொரு ஆட்டம் முடியறப்பவும் கைல எது சும்மா கெடந்துச்சுன்னு எழுதிக்கோ’ன்னாரு. அவரு பேசறது முக்கா மலையாளம் கா தமிழு, நான் நமக்குப் புரியற மாதிரி எழுதறேன். பொஷனும் ஒரு ஏஸ் ஸ்பெக்கும் போன எடத்துக்கு மட்டும் அவரே கடன் பெட்டில இருந்து ஆரம்பப் போக்கிமான டெக்குல தேடி எறக்கற நெஸ்ட் பால் நாலு போட்டுக் குடுத்தாரு.

இந்தக் கடன் பெட்டிதான் இந்தக் கடையோட உயிரு. செருப்பு டப்பா ஒண்ணு, அதுக்குள்ள ட்ரெயினர் கார்டு (ஐட்டம், சப்போர்ட்டர் மாதிரி ஒத்தாசைக் கார்டுக), பெஞ்சு போக்கிமான் எல்லாம் பிரிச்சு அட்டை போட்டு நிக்கும். அங்க உக்காந்து வெளையாடற வரைக்கும் எதை வேணும்னாலும் எடுத்து டெக்குல சொருகிப் பாக்கலாம், காசில்ல, நல்லா இருந்தா அப்பறம் வாங்கிக்கலாம். ஒரு பழைய நோட்டுல பேரும் கார்டும் எழுதிட்டு எடுக்கோணும். மத்த எடத்துல எல்லாம் வாங்குனாத்தான் தெரியும் அது நமக்கு ஆகுமா ஆகாதான்னு, நான் ஆன்லைன்ல வாங்கி ஒரு தடவகூட ஆடாம டிராயர்ல போட்டது மட்டும் ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல வரும்.

கணக்கு எழுதறவன்கிட்ட பேப்பரக் குடுத்தா சும்மா இருப்பனா, நான் பேரேடே போட்டுட்டேன். நாலு ஞாயித்துக்கெழமைல 24 ஆட்டம். அதுல 15 ஆட்டத்துல கைல மூணு எனர்ஜிக்கு மேல செத்துக் கெடந்துச்சு. ஒரு டர்னுக்கு ஒண்ணுதான் மாட்ட முடியும், டிராகபல்ட்டுக்கு வேணுங்கறதே ரெண்டு, ஒரு ஆட்டத்துல ரெண்டு டிராகபல்ட் அடிச்சாப் பெரிசு, அப்பறம் 14 எனர்ஜி யாருக்கு? கடலக்காட்டுக்குத் தண்ணி பாச்சற மாதிரி பாச்சி வெச்சிருக்கறேன். சேட்டன் தேதி போட்டு எழுதுன என்ற பேப்பரப் பாத்துட்டு, இப்ப எத்தன எடுக்கலாம்னு உனக்கே தெரியுதான்னு கேட்டாரு. பத்துன்னேன். தலைய ஆட்டுனாரு. எட்டு? ஏழு வெச்சு கூட கிரிஸ்பின் மூணு போடுன்னாரு. கிரிஸ்பின்னா சப்போர்ட்டர் கார்டு, டெக்குல இருந்து வேற வேற கலர் சாதா எனர்ஜி ரெண்டு தேடி ஒண்ண கைல எடுத்துட்டு இன்னொண்ண நேரா மாட்டிரலாம், கைல வந்தத அந்த டர்னுக்கான எனர்ஜியா மாட்டுனா ஒரே டர்ன்ல நெருப்பும் சைக்கிக்கும் ரெடி. ஏழு எனர்ஜின்னதும் என்ற வயித்துல புளியக் கரைச்சுது, ஆனா அடுத்த பத்து ஆட்டத்துல எனர்ஜி இல்லாம நின்னது ஒரே ஒருக்காதான்.

டிராக்லோக் விசயம் ஒரு ஒன்பதாங் கிளாஸ் பையன் அடிச்சுச் சொல்லிக்குடுத்தான். அவன் ரெண்டாவதா ஆடறான், மொத டர்ன்லயே முன்னாடி பட்யூவ நிறுத்துனான். பட்யூ 30 ஹெச்பி இருக்கற மொட்டு, 2025 ஜனவரில வந்த பிரிஸ்மாட்டிக் எவல்யூசன்ஸ் செட்டு, அது அடிக்கறது வெறும் பத்து, எனர்ஜியே வேண்டாம், ஆனா அடிச்சா எதிராளி அவனோட அடுத்த டர்ன்ல ஐட்டம் கார்டே போட முடியாது. மொதல்ல ஆடறவன் அந்த மொத டர்ன்ல அடிக்கக் கூடாது, சப்போர்ட்டரும் போடக் கூடாது, அதனால இந்தப் பட்யூ வேலை ரெண்டாவது ஆளுக்குத்தான் அல்வா மாதிரி. என்ற கைல ரேர் கேண்டி மூணு, டிராகபல்ட் ஒண்ணு, பெஞ்சுல டிரீப்பி ரெண்டு. ரேர் கேண்டி ஐட்டம். அவன் டர்னுக்கு டர்ன் பத்து பத்தா அடிக்கறான், நான் டர்னுக்கு டர்ன் அந்த மூணு முட்டாய வெச்சுட்டு முழிக்கறேன், நாலு டர்ன். ஒரு டிராக்லோக் வந்திருந்தா கையாலயே வளத்தியிருக்கலாம், ரெண்டு வெச்சா எங்கிருந்து வரும். பையன் மொகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல, அதான் இன்னும் எரிச்சல். முடிஞ்சதும், ‘ஏட்டா, டிராக்லோக் நாலு வெக்கணும் ஏட்டா’ன்னான்.

அதுவுமில்லாம டிராக்லோக் சும்மா நிக்கறவனுமில்ல. டர்னுக்கு ஒருக்கா டெக்கு மேல இருந்து ரெண்டு கார்டு பாத்து ஒண்ண கைல எடுத்துட்டு இன்னொண்ண அடியில போடலாம். ரெண்டு டிராக்லோக் நின்னா நாலு கார்டு பாத்து ரெண்டு எடுக்கறோம், ஒவ்வொரு டர்னும், காசில்லாம. இத நான் ஆறு மாசமா படிக்கவே இல்ல பாருங்க, கார்டுலயே எழுதியிருக்குது. நான் 200-அ மட்டும் பாத்துட்டு இருந்தேன். டிராக்லோக் நாலாச்சு, ரேர் கேண்டி மூணாச்சு.

அப்பறம் பேஸிக் போக்கிமான், அதாவது எதுல இருந்தும் வளராம நேரா எறக்கறது, அதோட கணக்கு. மொத ஏழு கார்டுல ஒரு பேஸிக்கும் வரலைன்னா கையக் காட்டிட்டுத் திருப்பிக் கலக்கோணும், ஒவ்வொருக்கா கலக்கறப்பவும் எதிராளி ஒரு கார்டு சேத்தி எடுத்துக்கலாம். என்ற மொத லிஸ்ட்டுல பேஸிக் ஏழுதான் இருந்துச்சு. ஆபீசுல மத்தியானம் எக்செல்ல போட்டுப் பாத்தேன், ஏழு வெச்சா நூத்துக்கு 40 தடவ கலக்கோணும். பதினொண்ணு வெச்சா 22. மொதலாளி பின்னாடி நின்னு பாத்துட்டு என்னப்பா இதுன்னாரு, வேஸ்ட்டேஜ் பெர்சன்டேஜ்னு சொல்லிப்போட்டேன், பொய்யுமில்ல. அதே சீட்டுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, டெக்குல ஒண்ணே ஒண்ணு வெச்ச கார்டு அந்த ஆறு பிரைசுக்குள்ள போயி மாட்டிக்கறது பத்துக்கு ஒருக்கா நடக்கும். ரெண்டு வெச்சா ரெண்டுமே மாட்டறது நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல. அதனால ஒண்ணு இல்லாமப் போனா ஆட்டமே நாசம்ங்கற கார்ட ஒத்தையா வெக்கக்கூடாது, இல்லாட்டியும் சமாளிக்கலாம்ங்கறத மட்டும் ஒத்தையா வெக்கலாம். ஏஸ் ஸ்பெக்குக்கு வேற வழியில்ல, அது விதி.

டஸ்க்நாயர் குடும்பத்த உள்ள இழுத்தது கடன் பெட்டிலதான். டஸ்கல், டஸ்க்லாப்ஸ், டஸ்க்நாயர். இதுக தானா சாகற சாதி, டஸ்க்லாப்ஸ் செத்தா யாரு மேல வேணும்னாலும் அஞ்சு கவுண்டர், டஸ்க்நாயர் செத்தா 13 கவுண்டர், அதாவது 130. நம்ம போக்கிமான் சாகறதால எதிராளிக்கு ஒரு பிரைஸ் போகும், அதுதான் வெலை. மொதல்ல நான் இத வேண்டவே வேண்டாம்னேன், கைக்காசப் போட்டு எதிராளிக்கு வட்டி கட்டற மாதிரி. சேட்டன் ஒரு பேப்பர்ல நம்பர் மட்டும் எழுதிக் காட்டுனாரு. சாரிசார்ட் ஈஎக்ஸ் 330 ஹெச்பி. 200-ம் 130-ம் கூட்டுங்க. ரேஜிங் போல்ட் ஈஎக்ஸ் 240, 200-ம் டஸ்க்லாப்ஸ் 50-ம் 250. கோல்டெங்கோ ஈஎக்ஸ் 260, அதுக்கு டஸ்க் யாருமே வேண்டாம், போன டர்ன் பெஞ்சுல இருக்கறப்பவே அது மேல ஆறு கவுண்டர் வெச்சுட்டு இந்த டர்ன் முன்னாடி இழுத்து 200 போட்டா சரியா 260. ஒரு ரூபா மிச்சமில்ல பாக்கியில்ல. கணக்கு எழுதறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும், அன்னிக்கே டஸ்கல் ரெண்டு டஸ்க்லாப்ஸ் ரெண்டு டஸ்க்நாயர் ஒண்ணு வாங்கீட்டு வந்தேன்.

இதுக்கு நடுவுல ஒரு பாடு சொல்லோணும். லிமிட்லெஸ்னு ஒரு வெப்சைட் இருக்குது, பெரிய போட்டில ஜெயிச்ச லிஸ்ட் எல்லாம் 60 கார்டும் அப்பிடியே கெடக்கும். கடைக்கு வர்ற பாதிப்பேரு அதத்தான் காப்பி அடிக்கறாங்க, தப்பில்ல, நானும் ஒரு வாரம் அடிச்சேன். ஆனா அந்த லிஸ்ட் பெரிய போட்டிக்கு, ஒவ்வொரு ரவுண்டும் மூணுல ரெண்டு ஜெயிக்கோணும், 50 நிமிசம் டைமு, ஆயிரம் பேர்ல யார் வேணா வருவான். நம்ம கடைல ஒத்த ஆட்டம் 30 நிமிசம், வர்றது பன்னண்டு பேரு, அதுல மூணு பேரு கார்டவார் டெக்கு ரெண்டு பேரு ரேஜிங் போல்ட் ஒருத்தன் சாரிசார்ட்னு எனக்கே மொகத்தப் பாத்தாத் தெரியும். அவங்களுக்குத் தகுந்த மாதிரி ரெண்டு கார்டு மாத்துனா போதும். பட்யூவ நான் ரெண்டாக்குனது இதுக்குத்தான், கார்டவாரும் சாரிசார்டும் ஐட்டமில்லாம ரெண்டு டர்ன் தெணறுனா எனக்கு டிராக்லோக் எந்திரிச்சு நிக்க நேரம் கெடைக்கும். அதே மாதிரி ஒரே நாள்ல பத்து கார்டு மாத்தாதீங்க, எது வேலை செஞ்சுது எது செய்யலைன்னே தெரியாது. ஒரு வாரத்துக்கு ரெண்டு கார்டு, அதுக்கு மேல சேட்டன் விடறதும் இல்ல, ‘மதி மதி’ (போதும் போதும்)ன்னு பெட்டிய மூடிருவாரு.

இப்பக் கொறை. பாக்கெட் அங்க வாங்காதீங்க. வெலையும் ஜாஸ்தி, எந்த வாரம் எந்த வெலைன்னும் தெரியாது, போன வாரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மேல இந்த வாரம் இன்னொண்ணு, கீழ இருக்கறது நெகத்தால சொரண்டுனா தெரியுது. டெக்கு கட்டறவனுக்கு பாக்கெட் எதுக்குங்க, வேணுங்கற கார்ட ஒத்தையா வாங்குனாப் போதும், பாக்கெட் உடைக்கறது லாட்டரி, நம்ம ஊர்ல லாட்டரிக்குப் பஞ்சமில்ல. ஒத்தைக் கார்டு வெலை பரவால்ல, சாதா டிராக்லோக் எல்லாம் டீ வெலைக்குத்தான் குடுத்தாரு. ஆனா கார்டோட நெலமைய நீங்களே வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. எனக்கு புதுசு மாதிரின்னு சொல்லிக் குடுத்த ஒரு அல்ட்ரா பால் பின்னாடி மூலை ரெண்டும் வெளுத்திருந்துச்சு, நான் வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். மூலை வெளுத்தா பாக்கறதுக்கு அசிங்கம்ங்கறது மட்டுமில்ல, கவுந்து இருக்கறப்பவே அது எந்தக் கார்டுன்னு தெரிஞ்சுரும், போட்டில அது மார்க் பண்ணுன கார்டு, ஜட்ஜ் புடிச்சா பதில் சொல்ல முடியாது. பின்பக்கம் கலரான ஸ்லீவ் (கார்டு உறை) போட்டா மறையும், அந்த ஸ்லீவும் அவருகிட்டயே வாங்கோணும், நல்ல வியாபாரந்தான். அடுத்த வாரம் எடுத்துட்டுப் போயிக் காட்டுனப்ப ‘சாரமில்லா’ (பரவால்ல)ன்னாரு. எனக்கு சாரமிருக்குதுன்னு சொன்னேன். முனகீட்டே மாத்திக் குடுத்தாரு.

ஜப்பான் பாக்கெட்டும் தொங்கவிட்டிருப்பாரு, கொஞ்சம் வெலை கம்மி. கார்டு அருமையா இருக்கும், பிரிண்டிங் எல்லாம் ஒரு படி மேல, ஆனா பின்பக்கமே வேற டிசைன், போட்டிக்கு இங்கிலீஷ் கார்டுதான் வேணும்னு அவரே சொல்லுவாரு, கேட்டா மட்டும். கேக்காதவன் வாங்கீட்டுப் போயிருவான். அங்க ஒரு அட்டைல எழுதி வெக்கறதுக்கு என்னவாம்.

போலி கார்டு விசயத்துல மட்டும் மனுசன் சுத்தம். என்ற அக்கா பையன் நோம்பிக்கடைல தங்கக் கலர்ல மினுமினுன்னு ஒரு கட்டு வாங்கி வெச்சிருந்தான், அத்தனையும் ஈஎக்ஸ் அத்தனையும் விமாக்ஸ், எதுலயும் எழுத்து ஒழுங்கா இல்ல. அவனையும் ஒருக்கா கூட்டீட்டுப் போனேன். சேட்டன் அத தொடக்கூட இல்லாம மொதல்ல அவனையே டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னாரு. நெஜக் கார்டுக்கு நடுவுல கறுப்பா ஒரு மெல்லிசு அடுக்கு இருக்கும், ஃபோன் டார்ச்ச பின்னாடி புடிச்சா வெளிச்சம் அடங்கித்தான் தெரியும். சாதாப் போலின்னா காயிதம் மாதிரி பளிச்சுன்னு ஊடுருவும். தங்கக் கட்டு பிளாஸ்டிக்கு, அதுக்கு டார்ச்சே வேண்டாம், வளைச்சாலே தெரியும். பையன் மொகம் தொங்கிப் போச்சு. அவரு கடன் பெட்டிக்கு அடியில கை விட்டு, ஓரம் கொஞ்சம் மடிஞ்ச நெஜ சார்மேண்டர் ஒண்ணு எடுத்து, இது ஒரிஜினல், வெச்சுக்கோன்னு குடுத்தாரு. காசு வாங்கல. அந்த ஒண்ணுக்காகவே நான் அந்த ஸ்டிக்கர் வெலைய எல்லாம் மன்னிக்கறேன், ரெண்டு மார்க்கு பாக்கெட்டுக்குப் போட்டதே அதனாலதான்.

வசதின்னு பாத்தா மேசை நாலு, நாற்காலி பத்து, ஃபேன் ரெண்டு, அதுல ஒண்ணு வேகமா வெச்சா கார்டு பறக்கும் மெதுவா வெச்சா நம்ம வேகும். பாலக்காட்டு மார்ச் ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியாததில்ல, ஸ்லீவெல்லாம் கைல ஒட்டும், ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. மழைக்காலத்துல படிக்கட்டு வழுக்கும், டெக் பாக்ஸ பைல வெச்சுட்டு ஏறுங்க கைல வெச்சுட்டு ஏறாதீங்க, ஏன்னு கேக்காதீங்க.

போட்டி அன்னிக்கு எப்பிடி ஆச்சுன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காது. ஞாயித்துக்கெழமை, பன்னண்டு பேரு, நாலு ரவுண்டு. போக்கிமான் 21, ட்ரெயினர் 32, எனர்ஜி 7, இதுதான் என்ற லிஸ்ட்டு, பேப்பர்ல எழுதிக் குடுத்தப்ப சேட்டன் எண்ணிப் பாத்துட்டு எனர்ஜி வரில ஒரு டிக் போட்டாரு. மொத ரவுண்டு ரேஜிங் போல்ட், டஸ்க்லாப்ஸ் கணக்கு அப்பிடியே நடந்துச்சு. ரெண்டாவது கார்டவார்கிட்ட தோத்தேன். மொதல் தேடல்லயே டெக்க எண்ணிப் பாத்தேன் அன்ஃபேர் ஸ்டாம்ப் இல்ல, பிரைசுக்குள்ள போயிருக்குது, பத்துக்கு ஒண்ணு அன்னிக்குன்னு பாத்து வந்துச்சு. மூணாவது டைம் முடிஞ்சு டிரா, அது என்ற தப்பு, ஆறு கவுண்டர எங்க வெக்கறதுன்னு ஒவ்வொருக்காவும் ரெண்டு நிமிசம் யோசிச்சா அரை மணி எங்க பத்தும். இந்த டெக்கு எடுக்கறவங்க வீட்டுலயே இந்தக் கார்டு கேம் ஆப்புல நூறு ஆட்டம் ஆடி அந்த யோசனைய முடிச்சுட்டு வாங்க.

நாலாவது ரவுண்டு அந்த ஒன்பதாங் கிளாஸ் பையனேதான். சாரிசார்ட் முன்னாடி நிக்குது, முழு 330, ஒரு கீறல் இல்ல. எனக்கு ரெண்டு பிரைஸ் பாக்கி, அவனுக்கும் ரெண்டு. என்ற பெஞ்சுல போன டர்ன்லயே வெச்ச டஸ்கல், கைல ஒரே ஒரு ரேர் கேண்டி, டஸ்க்நாயர். பட்யூ அவன்கிட்ட டிஸ்கார்டுல (கழிச்ச கார்டுக் குவியல்ல) கெடக்குது, அத நான் ரெண்டு தடவ பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். கேண்டி போட்டு டஸ்க்நாயர எழுப்புனேன், 13 கவுண்டரையும் சாரிசார்ட் மேல வெச்சேன், பகடையா அடுக்கறதுக்குள்ள கை நடுங்கி ஒண்ணு கீழ உருண்டுபோச்சு, அவனே குனிஞ்சு எடுத்துக் குடுத்தான். அவன் ஒரு பிரைஸ் எடுத்தான், பாக்கி ஒண்ணு. அப்பறம் ஃபாண்டம் டைவ். 200. அவன் வாய்க்குள்ளயே கூட்டிப் பாத்தான், கைய நீட்டுனான், ‘டிராக்லோக் நாலு வெச்சோ ஏட்டா?’ன்னு கேட்டான். வெச்சேன்னேன்.

அஞ்சாவது எடம், பரிசு நாலு பேருக்குத்தான்.

போறவங்களுக்கு, ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு மேலதான் ஆளு வரும், காத்தால போனா கடையத் தொறந்து வெச்சுட்டு அவரு மட்டும் பேப்பர் படிச்சுட்டு இருப்பாரு, ஆனா டெக்க விரிச்சுக் காட்டறதுக்கு அதுதான் நல்ல நேரம். சில்லறை எடுத்துட்டுப் போங்க, மாடில சிக்னல் வராம பணம் சுத்தீட்டே நிக்கும். சித்தூர் வழியா நம்ம பக்கம் வர்றவங்க பொழுதோட கெளம்பீருங்க, நாலாவது ரவுண்டு இழுத்தா கடைசி பஸ்ஸுக்கு ஓடோணும்.

ப்ளட்மூன் அர்சலூனா ஈஎக்ஸ் ஒண்ணு டெக்குல இன்னும் இருக்குது. எதிராளி பிரைஸ் எடுக்க எடுக்க அது அடிக்கறதுக்கு எனர்ஜி கொறஞ்சுட்டே வரும், தோக்கற நேரத்துல 240 அடிக்கும்னு நான் சொல்றேன், அத வெட்டிட்டு மூணாவது நைட் ஸ்ட்ரெச்சர் (டிஸ்கார்டுல இருந்து கார்டு திருப்பி எடுக்கறது) வெய்யின்னு சேட்டன் சொல்றாரு. பேரேட்டுல 16 ஆட்டத்துல அது ரெண்டு தடவதான் எறங்கியிருக்குது. இன்னும் நாலு ஆட்டம் பாத்துட்டுச் சொல்றேன்னிருக்கறேன். கடன் நோட்டுல என்ற பேருக்கு நேரா ரெண்டாவது பட்யூ ஒண்ணு நிக்குது, இந்த ஞாயித்துக்கெழமை போறப்ப அதுக்குக் காசக் குடுத்து அடிக்கோணும்.